ஹார்பர் சாலை மோட்டல்கள்: டிஸ்னிலாண்ட் ஒழித்ததா, வாழவைத்ததா?

வாசகர் கேள்வி, 2024 ஏப்ரல் 5

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாண்ட் கேளிக்கைப் பூங்காவுக்கு எதிரே, ஹார்பர் புலவார்டு என்ற அகன்ற சாலையின் ஓரமாக இன்னும் சில பழைய மோட்டல்கள், அதாவது காரில் வருவோர் அறைக்கு அருகிலேயே வண்டியை நிறுத்தித் தங்கும் விடுதிகள், இருக்கின்றன. ராக்கெட், கோள், பறக்கும் தட்டு என்று நியான் பலகை வைத்திருந்த 1960களின் மோட்டல்களைப் படங்களில் மட்டுமே பார்க்க முடிகிறது. பூங்கா நிறுவனம்தான் அவற்றை ஒழித்துக்கட்டியது என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

நான் மறுக்கிறேன், ஆனால் பாதிதான். அந்த மோட்டல்கள் தோன்றியதற்கு டிஸ்னியிடம் அன்று இருந்த பணத் தட்டுப்பாடே காரணம் என்பதிலிருந்து தொடங்கினால்தான் பிற்பாடு நடந்தது விளங்கும்.

ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1.7 கோடி டாலர் செலவில் கட்டி, 1955 ஜூலை 17 அன்று பூங்காவைத் திறந்தார்கள். அந்த 160 ஏக்கரில் பெரும்பகுதியை வாகன நிறுத்தமே எடுத்துக்கொண்டது. வேலியைத் தாண்டி ஒரு சாண் நிலம் வாங்கவும் வால்ட் டிஸ்னியிடம் காசு மிஞ்சவில்லை. தங்கும் விடுதி கட்டுவதற்கும் அவரால் முடியவில்லை. டெக்ஸாஸ் எண்ணெய்த் தொழிலிலும் தொலைக்காட்சித் தயாரிப்பிலும் பணம் சம்பாதித்த ஜாக் ராதர் என்பவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவர் கட்டிய டிஸ்னிலாண்ட் ஹோட்டல் அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று திறக்கப்பட்டது. டிஸ்னியின் பெயரைத் தாங்கிய அந்த விடுதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிஸ்னிக்குச் சொந்தமாக இருக்கவில்லை. 1988இல்தான் ராதர் நிறுவனத்தையே விலைக்கு வாங்கி அதை மீட்டார்கள்.

அந்த ஹோட்டலும் தொடக்கத்தில் மோட்டல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வானுயர்ந்த கட்டடமெல்லாம் பின்னால் வந்தது. முதலில் இருந்தவை காரை அருகிலேயே நிறுத்திக்கொள்ளக்கூடிய தாழ்ந்த கட்டடங்கள். அவை 1999இல் இடிக்கப்பட்டன. ஆகவே நண்பர் சொல்லும் 'ஒழிப்பு' முதலில் நடந்தது பூங்காவின் சொந்த வீட்டுக்குள்.

2024 ஏப்ரல் 7, அன்றிரவே

ஒரு சேர்க்கை. அனஹைமின் மக்கள்தொகை 1950இல் 14,556. 1960இல் 1,04,184. இந்த வளர்ச்சிக்குப் பூங்கா மட்டும் காரணமன்று. சாண்டா ஆனா நெடுஞ்சாலை வந்ததும், போருக்குப் பிந்தைய வீட்டுக் குடியேற்றமும், விமான, மின்னணுத் தொழிற்சாலைகளும் சேர்ந்தே நகரை ஊதிப் பெருக்கின. மோட்டல் கட்டியவர்கள் பூங்காவை நம்பியது போலவே நெடுஞ்சாலையையும் நம்பினார்கள்.

2024 ஏப்ரல் 10

நான் அடுத்த கவுண்டிக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னிலாண்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் எழுதாத சட்டம். பூங்காவின் சொந்த விடுதிகளில் ஓர் இரவுக்குக் கேட்கும் தொகையை ரூபாயில் மாற்றிப் பார்க்கும் பெரியவர்களுக்குத் தூக்கம் வராது என்பதால், எங்கள் வீட்டார் எப்போதும் ஹார்பர் மோட்டல்களில்தான் தங்குவார்கள். அப்படித் தங்கியதால் அந்தக் கட்டடங்களின் அமைப்பு எனக்கு ஓரளவு பழக்கமாயிற்று.

சாலையோரத்தில் அலுவலகம், அதன் பின்புறம் அல்லது மாடியில் உரிமையாளர் குடும்பத்தின் வீடு, அங்கிருந்து ட வடிவில் உள்நோக்கி நீளும் அறைகள், நடுவில் கார்கள். நீச்சல் குளத்தை முடிந்தவரை சாலைக்கு நெருக்கமாக வைத்திருப்பார்கள். அது குளிப்பதற்காக வைத்ததைக் காட்டிலும் காட்டுவதற்காக வைத்தது என்றே சொல்ல வேண்டும். வேகமாகப் போகும் காரின் பின்னிருக்கையில் இருக்கும் குழந்தை தண்ணீரைக் கண்டு கத்தினால் அப்பா பிரேக்கை மிதிப்பார் என்பதுதான் கணக்கு. பலகையில் வண்ணத் தொலைக்காட்சி, குளிரூட்டல், அறை காலி உண்டு, இல்லை என்று ஒவ்வொன்றும் நியானில் எரியும்.

1958இல் ஜான் ஹௌடலிங் என்பவர் உருவாக்கிய 'மேஜிக் ஃபிங்கர்ஸ்' என்ற கருவியும் அமெரிக்க மோட்டல் அறைகளில் பரவலாக இருந்தது. 25 சென்ட் நாணயம் போட்டால் படுக்கை கால் மணி நேரம் அதிரும், களைப்புப் போகும் என்பது விளம்பரம். நகரப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்களிடம் இதற்குத் தனிக் கட்டணம் கேட்டிருக்க முடியாது.

2024 ஏப்ரல் 12

நண்பர் கேட்ட ராக்கெட் மோட்டல்களுக்கு வருகிறேன். அவற்றில் பெயர்பெற்றவை அல் ஸ்டோவால் என்பவர் கட்டியவை: ஸ்பேஸ் ஏஜ் லாட்ஜ், காஸ்மிக் ஏஜ் லாட்ஜ், அப்பல்லோ இன், இன் ஆஃப் டுமாரோ (நாளைய விடுதி). பெயர்களைப் படித்தாலே காலம் விளங்கிவிடும். பூங்காவின் உள்ளே 'டுமாரோலாண்ட்' என்ற எதிர்கால உலகம் இருந்தது, அதன் நடுவே நிலவுக்குப் போகும் ராக்கெட்டின் மாதிரி நின்றது. வெளியே நிஜமான விண்வெளிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஸ்டோவால் பூங்காவின் கற்பனையை நுழைவுச்சீட்டு இல்லாமல் வேலிக்கு வெளியே நீட்டி விற்றார்.

இந்தக் கட்டடப் பாணிக்குக் 'கூகி' என்று பெயர். 1949இல் ஜான் லாட்னர் லாஸ் ஏஞ்சலஸில் வடிவமைத்த கூகிஸ் என்ற காப்பிக் கடையை முன்வைத்து, 1952இல் டக்ளஸ் ஹாஸ்கெல் என்ற விமர்சகர் கேலியாகச் சூட்டிய பெயர் அது. மேல்நோக்கிச் சரியும் கூரை, கூர்முனை நட்சத்திரங்கள், காற்றில் மிதப்பது போன்ற பலகை எல்லாம் காரோட்டியின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. தொலைவிலிருந்து பார்த்து, சில நொடிகளுக்குள் முடிவெடுத்துத் திரும்ப வேண்டியவனிடம் நாசூக்கான அழகு எடுபடாது. கட்டடக்கலை மாணவர்கள் இன்று போற்றும் அந்த ஆர்ப்பாட்டம் அன்று வெறும் வியாபார அவசியம்.

அந்தக் கட்டடங்களின் மனநிலையை இன்று கொஞ்சமாவது உணர விரும்புவோர் அனஹைமுக்குப் போவதில் பயனில்லை. அரிசோனாவில், ஹிலா பெண்ட் என்ற பாலைவனச் சிற்றூரில் ஸ்டோவால் கட்டிய இன்னொரு ஸ்பேஸ் ஏஜ் லாட்ஜ், 1998இல் தீப்பிடித்த பின்னும் அதே பாணியில் திருத்திக் கட்டப்பட்டுப் பறக்கும் தட்டோடு நிற்கிறது. பூங்காவே இல்லாத இடத்தில் பிழைத்தது, பூங்காவின் வாசலில் பிழைக்கவில்லை. நண்பரின் கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் காரணம் அவர் நினைப்பதன்று.

2024 ஏப்ரல் 13

காரணம்: நகராட்சி, நிலமதிப்பு, ஒரு கடன்பத்திரம்.

1990களில் டிஸ்னி இரண்டாவது பூங்கா கட்டத் திட்டமிட்டபோது, சுற்றுப்புறம் அருவருப்பாக இருக்கிறது என்ற பேச்சு பெரிதாக எழுந்தது. 1994இல் அனஹைம் நகராட்சி பூங்காவைச் சுற்றிய பகுதிக்குத் தனி வரைதிட்டம் வகுத்தது. உயரக் கம்பங்களில் நின்ற பலகைகளுக்குப் பதிலாகத் தரையை ஒட்டிய சிறு பலகைகள், ஒரே சீரான தெருவிளக்குகள், வரிசையாகப் பனை மரங்கள், தரைக்கடியில் மின்கம்பிகள். 1997இல் நகராட்சி 51 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அந்தப் பணம் பெரும்பாலும் சாலைகளுக்கும், வாகன நிறுத்தக் கட்டடத்துக்கும், மாநாட்டு மைய விரிவாக்கத்துக்கும் போயிற்று. விடுதியில் தங்குபவர் அறை வாடகையோடு நகராட்சிக்குக் கட்டும் வரி இங்கு 15 சதவீதம். கடனை அடைப்பதற்கு அந்த வரியும் ஒரு வழியாக இருந்தது. அதாவது, மோட்டலின் பலகையைப் பிடுங்கிய திட்டத்துக்கு மோட்டல் வாடிக்கையாளரும் பணம் கட்டினார்.

நியான் பலகை போனதும் மோட்டலுக்கு முகம் போயிற்று. எந்த மோட்டலும் இன்னொன்றிலிருந்து வேறுபட்டுத் தெரியாதபோது, மக்கள் தெரிந்த சங்கிலி நிறுவனத்தின், அதாவது பல ஊர்களில் ஒரே பெயரில் விடுதிகள் வைத்திருக்கும் நிறுவனத்தின், பெயரைத் தேடுவார்கள். தனி உரிமையாளர்கள் பலர் ஏதாவது ஒரு சங்கிலியின் கொடியை ஏற்றிக்கொண்டார்கள்.

2024 ஏப்ரல் 15

நேற்று முன்தினம் எழுதியதை மறுபடி படித்தபோது, நகராட்சியின் மேல் பாரத்தை அதிகமாக ஏற்றிவிட்டதாகத் தோன்றுகிறது. விண்வெளி மோகம் அதற்கு வெகு முன்பே வடியத் தொடங்கிவிட்டது. நிலவில் மனிதன் கடைசியாகக் கால்வைத்தது 1972இல். எதிர்காலத்தைப் பெயராக வைத்திருந்த விடுதிக்கு ஒவ்வோர் ஆண்டும் வயது கூடுவது பெரிய சங்கடம். டுமாரோலாண்டையே டிஸ்னி 1967இலும் 1998இலும் புதுப்பித்துக் கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு பணம் இல்லாத மோட்டல்காரர் பெயரை மாற்றினார். ஸ்டோவாலின் இன் ஆஃப் டுமாரோ, ஸ்டோவால்ஸ் இன் ஆயிற்று. அதன் முன்புறத்தில் விலங்குருவாகச் செடிகளை வெட்டி வளர்த்திருந்தார்கள். ராக்கெட் பழசாகும், யானை வடிவச் செடி பழசாகாது என்பது நல்ல வியாபார அறிவுதான்.

2024 ஏப்ரல் 16

பருவத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1985 வரை டிஸ்னிலாண்ட் கூட்டம் குறைந்த மாதங்களில் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான அறைகளைக் கட்டி வைத்திருப்பவருக்கு வாரத்தில் இரண்டு நாள் பூங்கா இல்லை என்றால் எப்படியிருக்கும்? 1967இல் கட்டெல்லா அவென்யூவின் தென்புறம் மாநாட்டு மையம் திறக்கப்பட்டது இந்த ஓட்டையை அடைக்க உதவியது. பள்ளி நாட்களில் மருத்துவர்களும் விற்பனையாளர்களும், விடுமுறையில் குடும்பங்களும் வந்தார்கள். ஆனால் மாநாட்டுக்கு வருபவர் செலவுக்கணக்கை நிறுவனத்திடம் கொடுப்பவர். அவர் காரைக் கதவருகே நிறுத்தும் வசதிக்கு மயங்க மாட்டார். அவருக்காகப் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. பெரிய ஹோட்டல்கள் நிரம்பி வழிந்தபோதுதான் மோட்டலுக்குப் பங்கு கிடைத்தது.

2024 ஏப்ரல் 20

இந்த இழையைப் படித்த ஒருவர், 'அந்த மோட்டல்களில் எங்கு போனாலும் பட்டேல்தானே, அதை ஏன் எழுதவில்லை' என்று, குஜராத்தியரிடையே பரவலான குடும்பப்பெயரைச் சொல்லித் தனிமடலில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நாங்கள் வழக்கமாகத் தங்கிய மோட்டலின் உரிமையாளரும் குஜராத்தியர். என் மாமியார் வரவேற்பு மேசையில் முதல்முறை அவரைப் பார்த்ததும், ஆங்கிலம் பேச வேண்டிய கவலை தீர்ந்தது என்று மகிழ்ந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இந்தியும் உடைந்த ஆங்கிலமும்தான் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் வெந்நீர்க் குவளை கேட்டு வாங்குவதற்கு அது போதுமாயிருந்தது.

கலிபோர்னியாவில் குஜராத்தியர் விடுதித் தொழிலில் கால்வைத்தது 1940களில், சாக்ரமென்டோவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தொழிலாளர்கள் தங்கும் மலிவு விடுதிகளை நடத்தியதிலிருந்து. 1965இன் குடியேற்றச் சட்டம் வாசலைத் திறந்தது. 1972இல் உகாண்டாவிலிருந்து அதன் சர்வாதிகாரி இடி அமீன் ஆசியர்களை விரட்டியபோது, அங்கு கடை வைத்திருந்த குஜராத்தியரில் ஒரு பகுதியினர் இங்கு வந்து சேர்ந்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி காரோட்டிகளை வீட்டில் உட்கார வைத்தது, மோட்டல்களின் விலை சரிந்தது, முதல் தலைமுறை உரிமையாளர்களுக்கும் வயதாகிவிட்டது. வாங்கும் இடத்திலேயே குடியிருக்கலாம், குடும்பமே வேலை செய்யலாம், கூலி மிச்சம், உறவினரிடம் கைமாற்று கிடைக்கும் என்னும்போது, மற்றவர்களுக்கு நட்டமாகத் தெரிந்த சொத்து இவர்களுக்குக் கணக்குக்கு ஒத்துவந்தது. அலுவலகத்தை ஒட்டிய அந்த வீட்டைப் பற்றி ஏப்ரல் 10 குறிப்பில் எழுதினேன். ஒரு கணவனும் மனைவியும் இருந்து நடத்துவதற்கென்று 1950களில் வரைந்த அந்தத் தரைப்படம், இருபது ஆண்டு கழித்து வேறொரு நாட்டுக் குடும்பத்துக்கு அச்சாகப் பொருந்தியது.

எதிர்ப்பும் இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் இவர்களை ஒதுக்கின. போட்டி மோட்டல்கள் 'அமெரிக்கருக்குச் சொந்தமானது' என்று பலகை தொங்கவிட்டன. 1989இல் ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கம் அட்லாண்டாவில் தொடங்கப்பட்டது. இன்று அமெரிக்க விடுதிகளில் சுமார் 60 சதவீதம் தன் உறுப்பினர்களுக்குச் சொந்தம் என்று அச்சங்கம் சொல்கிறது.

2024 ஏப்ரல் 21

நேற்றைய குறிப்பின் வால். 2015இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 'லாஸ் ஏஞ்சலஸ் நகரம் எதிர் பட்டேல்' என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. காவலர் கேட்டவுடன் விடுதியின் வருகைப் பதிவேட்டைக் காட்ட வேண்டும், மறுத்தால் சிறை என்று லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி வைத்திருந்த விதியை, நடுவர் ஒருவரிடம் முறையிடக்கூட வாய்ப்புத் தராதது என்று கூறி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாததாக்கியது. நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசமைப்பின் நான்காம் திருத்தத்தைப் படிக்கும் சட்ட மாணவர் எவரும் இனி ஒரு மோட்டல்காரரின் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது.

2024 ஏப்ரல் 24

பூங்காவிலிருந்து சற்று விலகினால் கதை மாறுகிறது. அதே நகரின் மேற்கே, நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற இன்னொரு பூங்காவுக்குப் போகும் பீச் புலவார்டில் இருக்கும் மோட்டல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கு சுற்றுலாப் பயணிகள் குறையக் குறைய, வார வாடகைக்கு அறை எடுத்து ஆண்டுக்கணக்கில் வாழும் குடும்பங்கள் வந்தன. வீட்டு வாடகைக்கு முன்பணம் சேர்க்க முடியாதவர்கள் அவர்கள். வேலைக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. கலிபோர்னியாவில் முப்பது நாள் தொடர்ந்து தங்கிவிட்டால் குடியிருப்பவருக்கான உரிமைகள் வந்துவிடும் என்பதால், இருபத்தெட்டாம் நாள் அவர்களை வெளியேற்றி மீண்டும் பதிவு செய்யும் வழக்கம் பரவியது. சட்டம் அதைத் தடுத்தாலும் வழக்கம் ஒழியவில்லை. 2020இல் மாநில அரசு 'ஹோம்கீ' என்ற திட்டத்தின் கீழ் இத்தகைய மோட்டல்களை வாங்கி வீடற்றோருக்கான குடியிருப்பாக மாற்றத் தொடங்கியது. முதல் சுற்றிலேயே சுமார் 6,000 அறைகள் மாறின. இவற்றை ஒழித்ததும் டிஸ்னி என்று நண்பர் சொல்ல மாட்டார் என நம்புகிறேன்.

2024 ஏப்ரல் 27

ஹார்பர் மோட்டல்கள் ஏன் பீச் புலவார்டின் வழியில் போகவில்லை? என் விடை: சாலையைக் கடக்கும் அந்தப் பாதசாரிச் சிக்னல்.

2001இல் பழைய வாகன நிறுத்தத்தின் மேல் இரண்டாவது பூங்காவைக் கட்டியபோது, கார்களை வடமேற்கு மூலையில் புதிதாக எழுப்பிய பல மாடிக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சுமார் 10,000 கார்கள் அதில் நிற்கும். காரில் வருபவர் மாடியேறி நிறுத்தி, இறங்கி, பைகளைச் சோதனைக்குக் காட்டி, டிராமுக்கு வரிசையில் நின்று வாசலை அடைய வேண்டும். ஹார்பர் மோட்டலில் தங்கியவர் சிக்னலைக் கடந்தால் சில நிமிடங்களில் அங்கே நிற்பார். பூங்காவுக்குச் சொந்தமான விடுதிகளில் சிலவற்றைவிட இது அருகில். மதிய வெயிலில் முழங்கால் வலிக்கும் தாத்தாவையோ தூங்கிவிழும் குழந்தையையோ அறைக்கு அழைத்துவந்து, மாலையில் மறுபடி போகலாம். என் மாமனாருக்கு அந்தப் பயணங்களில் பிடித்த பகுதியே அந்த மதியத் தூக்கம்தான். இரண்டாவது பூங்காவைக் கட்டியதன் மூலம் டிஸ்னியே, வேண்டுமென்று செய்யாமல், எதிர்வாடை மோட்டல்களின் மதிப்பை ஏற்றிவிட்டது.

வாசலில் பிறர் நடத்தும் விடுதிகளால் வரும் இழப்பை வால்ட் டிஸ்னி முதல் பத்தாண்டுகளுக்குள் புரிந்துகொண்டார். பூங்காவின் பணத்தில் பெரும்பங்கு வேலிக்கு வெளியே போகிறது என்ற மனக்குறையால், ஃபுளோரிடாவில் 1960களின் நடுவில் வேறு வேறு நிறுவனப் பெயர்களில் இரகசியமாக 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கிக் குவித்தார்கள். 1971இல் அங்கு கட்டிய டிஸ்னி பூங்கா திறந்த நாளிலேயே சொந்த விடுதிகளும் திறந்தன. ஆனால் எல்லைக்கு வெளியே, கிஸ்ஸிமி வழியாகப் போகும் 192ஆம் நெடுஞ்சாலையில் மோட்டல்கள் முளைத்தே தீர்ந்தன. என்ன வேறுபாடென்றால், அங்கிருந்து யாராலும் நடந்து போக முடியாது. அவற்றில் பல பீச் புலவார்டைப் போலவே வார வாடகை வீடுகளாயின.

2024 மே 2

'அப்படியானால் டிஸ்னி ஒரு மோட்டலைக்கூட மூடவில்லையா' என்று கேட்டுவிட்டார் நண்பர். மூடியது. ஹார்பரில் இருந்த கரோசல் இன், கூரைமேல் நீச்சல் குளமும் அங்கிருந்து பார்த்தால் வாணவேடிக்கையும் கொண்ட விடுதி. 2015இல் 3.2 கோடி டாலருக்கு அதை வாங்கி, அடுத்த ஆண்டு மூடினார்கள். அந்தப் பக்கத்தில் 6,900 கார்கள் நிற்கும் கட்டடமும், அங்கிருந்து ஹார்பரின் மேலே ஒரு நடைபாலமும் கட்டுவதாக இருந்தது. பாலம் தங்கள் வாசலில் இறங்காமல் தலைக்கு மேலே போய்விடும், தெருவில் நடமாட்டம் நின்றுவிடும் என்று ஹார்பரின் மோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, அதற்குப் பதிலாக 2019இல் மேற்குப் புறத்திலேயே இன்னொரு வாகன நிறுத்தக் கட்டடம் எழுந்தது. எழுபது ஆண்டு வரலாற்றில் மோட்டல்காரர்கள் பூங்காவோடு நேருக்கு நேர் மோதி, விரும்பியதைப் பெற்ற இடம் எனக்குத் தெரிந்து இதுதான். ஆனால் கரோசல் திரும்ப வரவில்லை.

2024 மே 8

நேற்று நகராட்சி மன்றம் 'டிஸ்னிலாண்ட் ஃபார்வர்டு' திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் அளித்துவிட்டது. பெரும்பாலும் கையிலிருக்கும் நிலத்திலேயே சவாரிகளும் விடுதிகளும் கடைகளும் கலந்து கட்டலாம். பத்து ஆண்டுகளில் குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு செய்ய வேண்டும். மலிவு வீடுகளுக்கு 3 கோடி டாலர் தர வேண்டும். ஹார்பரின் கிழக்குப் பக்கத்தில் வாகன நிறுத்தமும், சாலைக்கு மேலே நடைபாலமும் வரைபடத்தில் மறுபடி இடம்பெற்றிருக்கின்றன. 

ஆகவே நண்பரின் கருத்துக்கு என் விடை மாறவில்லை, காலம் மட்டும் மாறுகிறது: ராக்கெட் பலகைகளைப் பூங்கா பிடுங்கவில்லை. ஆனால் இந்தப் பாலம் எந்த இடத்தில் இறங்குகிறது, நடுவில் தெருவுக்குப் படி வைக்கிறார்களா என்பதைப் பொறுத்து, மீதமிருக்கும் மோட்டல்களைப் பூங்கா ஒழிக்கவும் கூடும். பாலத்தின் வரைபடம் பொதுப்பார்வைக்கு வந்ததும் படிகளைத் தேடிப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.